மார்ச்சு 25: ஒரே நாளில் அமைந்த நிகழ்ச்சிகள்

நாள்தோறும் கிழித்தெடுக்கும் நாட்காட்டித் தாளின் அடியில் ஒன்றிரண்டு வரிகளில் சில செய்திகள் அச்சிடப்பட்டிருப்பதை நம் அங்கத்தினர்கள் கண்டிருப்பர். இன்னார் பிறந்த நாள், இன்னார் மறைந்த நாள், இன்ன உடன்படிக்கை கையெழுத்தான நாள் என்று ஒன்றோடொன்று உறவில்லாத செய்திகள் அங்கே அருகருகே நிற்கும். இவை ஒரே நாளில் வந்தமைந்ததற்கு ஏதேனும் காரணம் உண்டா என்னும் வினா பலருக்கு எழுவது இயற்கை. கூட்டுறவு இயக்கத்திற்கு மிக நெருங்கிய ஒரு நாளை எடுத்துக்கொண்டு அவ்வினாவை ஆராய்வோம். அந்நாள் மார்ச்சு 25.

இந்தியாவில் முதன்முதலாகக் கூட்டுறவு நாணயச் சங்கங்களுக்கென ஒரு சட்டம் பிறந்தது 1904ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள். அதே மார்ச்சு 25இல், 1807ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை வாணிகத்தைத் தடை செய்த சட்டம் அரசரின் இசைவைப் பெற்றது. 1911ஆம் ஆண்டு அதே நாளில் நியூயார்க்கு நகரத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் மாண்டனர். 1914ஆம் ஆண்டு அதே நாளில், பின்னாளில் கோதுமைப் பயிரின் உருவையே மாற்றிய நார்மன் போர்லாக் பிறந்தார். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை அமைத்த ரோமாபுரி உடன்படிக்கை கையெழுத்தானதும் 1957ஆம் ஆண்டு இதே நாளில்தான். நூல், துணி, விளைச்சல், கடன் ஆகிய நான்கும் ஒரே தேதியில் வந்து கூடியிருப்பதைப் பார்க்கும் நெசவாளரோ விவசாயியோ வியப்படைவதில் தவறில்லை.

ஆயினும் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வியப்பு பெரிதும் குறைந்துவிடும். ஒரு சங்கத்தில் பத்து அங்கத்தினர்கள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் எவரேனும் இருவர் ஒரே நாளில் பிறந்திருக்க வாய்ப்பு எவ்வளவு? ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்கையில் பத்துப் பேர் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் பத்துப் பேரை இருவர் இருவராக இணைத்துப் பார்த்தால் 45 இணைகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் இணையும் ஒரு வாய்ப்பு. முறைப்படி பெருக்கிப் பார்த்தால், இத்தகைய சங்கங்கள் நூறு இருந்தால் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரே பிறந்தநாளுடைய இருவர் இருப்பர் என்று தெரியவரும். அங்கத்தினர் 23 பேரானால் இணைகள் 253 ஆகிவிடும். வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். ஐம்பது பேரானால் நூற்றுக்கு 97. அங்கத்தினர் பதிவேட்டை எடுத்துவைத்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பள்ளியிற் சேர்க்கும்பொழுது வயதைச் சரிக்கட்டுவதற்காக ஆசிரியரே எழுதிக்கொண்ட பிறந்த தேதிகள் நம் ஊர்களில் ஏராளம். அவற்றை நம்பிக் கணக்கிட்டால், ஊரில் பாதிப்பேர் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்தவர்களாக முடியும்!

உலக வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள் பல்லாயிரம். அவற்றை 366 தாள்களில் பங்கிட்டால் எந்தத் தாளும் வெறுமையாக இராது. ஆகவே, நிகழ்ச்சிகள் ஒரே நாளில் அமைவது பெரும்பாலும் தற்செயலே. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வேளைகளில், முன்னரே சிறப்புப் பெற்ற ஒரு நாளை மனிதர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பதும் உண்டு. மார்ச்சு 25 அதற்கும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

கிறிஸ்துமசுக்குச் சரியாக ஒன்பது மாதங்களுக்கு முன் வருவது மார்ச்சு 25. தேவதூதர் மரியன்னைக்கு நற்செய்தி சொன்ன திருநாளாக அதனைக் கிறிஸ்தவர்கள் கொண்டாடுகின்றனர். கிரேக்க நாட்டார் துருக்கியருக்கு எதிரான தம் விடுதலைப் போரின் நினைவு நாளாக அத்திருநாளையே 1838ஆம் ஆண்டு தெரிந்தெடுத்தனர். இங்கிலாந்தில் அந்நாளின் மதிப்பு இன்னும் பெரிது. அங்கு 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்ததே மார்ச்சு 25இல்தான். குத்தகை செலுத்துவதும், புதுக் குத்தகை எடுப்பதும், பண்ணையாட்கள் ஒரு பண்ணையை விட்டு மறு பண்ணைக்குச் செல்வதும் அந்நாளில் நடைபெற்றன. நம் ஊர்ப் பண்ணைகளில் ஆடியும் தையும் எவ்வாறு தவணைக் காலங்களாக இருந்தனவோ அவ்வாறு அங்கே மார்ச்சு 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 ஆகிய நான்கும் இருந்தன.

1752ஆம் ஆண்டு இங்கிலாந்து புதிய நாட்காட்டிக்கு மாறியபொழுது, செப்டம்பர் 2ஆம் நாளுக்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று அறிவிக்கப்பட்டது. பதினொரு நாட்கள் மறைந்தன. ஆண்டுப் பிறப்பும் சனவரி முதல் நாளுக்குச் சென்றது. ஆனால் வரிக்கணக்கில் பதினொரு நாட்களை இழக்க அரசாங்கம் விரும்பவில்லை. மார்ச்சு 25உடன் பதினொன்றைக் கூட்டினால் ஏப்ரல் 5 ஆகும். இன்றும் பிரிட்டனில் வருமானவரி ஆண்டு முடிவடைவது ஏப்ரல் 5ஆம் நாளேயாகும். இந்திய அரசாங்கம் 1867ஆம் ஆண்டில், தன் கணக்காண்டை மே மாதத்திலிருந்து ஏப்ரல் முதல் நாளுக்கு மாற்றிக்கொண்டது. மார்ச்சு இறுதியில் பேரேடுகளை முடிக்கும் அவசரத்தில் சங்கக் காரியதரிசிகள் படும் பாட்டுக்கு இத்தனை நீண்ட பின்னணி உண்டு.

இனி, தற்செயலாக அந்நாளில் அமைந்தவற்றைப் பார்ப்போம்.

1807ஆம் ஆண்டுச் சட்டம் நம் நெசவாளர்களுக்குத் தொலைவிலுள்ள செய்தி அன்று. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கிய ஐரோப்பிய வணிகர் அதற்கு மாற்றாகக் கொடுத்த பொருள்களுள் இந்தியப் பருத்தித் துணி முதன்மையானது. சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்தெடுத்த நீலத் துணிக்கு கினித் துணி என்றே பெயர் வழங்கிற்று. ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குச் செல்வதால் அப்பெயர். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர் அதனைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தனர். தறியில் அமர்ந்து அத்துணியை நெய்த நெசவாளிக்கு, கடலுக்கு அப்பால் அது யாருக்கு விலையாகும் என்பது தெரியாது. தான் உற்பத்தி செய்த பொருள் எங்கே, எதற்காக, என்ன விலைக்குப் போகிறது என்பதை உற்பத்தியாளன் அறிய முடியாத ஏற்பாட்டுக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு நமக்குத் தெரிந்தவரை வேறில்லை.

அச்சட்டம் எளிதில் வந்ததன்று. கிளார்க்சன் முதலியோர் 1787ஆம் ஆண்டு ஒரு குழு அமைத்து ஊர் ஊராகச் சென்று சான்று திரட்டினர். வில்பர்போர்ஸ் பார்லிமெண்டில் ஆண்டுதோறும் போராடினார். 1791 முதல் எண்ணற்ற குடும்பங்கள் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்க மறுத்தன. கடைசியில் காமன்ஸ் சபையில் 283 பேர் ஆதரித்தனர். 16 பேரே எதிர்த்தனர். ஆனால் அன்று தடையுற்றது வாணிகம் மட்டுமே. ஏற்கெனவே அடிமைகளாக இருந்தோர் அடிமைகளாகவே இருந்தனர். அடிமைத்தனத்தையே நீக்கும் சட்டம் 1833இல் இயற்றப்பட்டு 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நட்ட ஈடாகக் கொடுக்கப்பட்ட இரண்டு கோடி பவுனும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே சென்றது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

ஒரு சட்டத்தின் தேதியும் அது பயன் தந்த தேதியும் ஒன்றல்ல என்பதை, 1911ஆம் ஆண்டு நிகழ்ச்சி இன்னும் கடுமையாகக் காட்டுகிறது. நியூயார்க்கில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் என்னும் கம்பெனி பெண்களுக்கான மேற்சட்டைகளைத் தைத்து வந்தது. வேலை செய்தோர் பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து குடியேறிய இளம் பெண்கள். மார்ச்சு 25, சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குச் சிறிது நேரமே இருந்தது. எட்டாம் மாடியில், துணி வெட்டும் மேசையின் கீழே குவிந்துகிடந்த துண்டுத் துணிகளில் தீப்பற்றியது. பருத்தித் துணுக்கும் பஞ்சுத் தூசும் எவ்வளவு விரைவில் எரியும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் மாடியிலிருந்த முதலாளிகளுக்குத் தொலைபேசி மூலம் செய்தி கிட்டியது. அவர்கள் கூரை வழியாகத் தப்பினர். ஒன்பதாம் மாடிக்குச் செய்தி எட்டவில்லை. தீ வந்த பிறகே அங்கிருந்தோர் அறிந்தனர். அங்கு இரு படிக்கட்டுகள் இருந்தன. ஒன்று தீயால் அடைபட்டது. மற்றொன்றின் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து செல்லும் பெண்கள் ஒரே வழியாக வெளியேறினால்தான் துணித் திருட்டு நிகழாமல் அவர்களுடைய பைகளைச் சோதிக்கலாம் என்பது நிர்வாகத்தின் எண்ணம். வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் முறிந்தது. லிப்டு ஓட்டிய தொழிலாளர்கள் தீக்கும் புகைக்கும் இடையே இயன்றவரை மேலும் கீழும் சென்று பலரைக் காத்தனர். தீயணைப்புப் படையின் ஏணியோ ஆறாம் மாடிவரைதான் எட்டியது. அரைமணி நேரத்திற்குள் 146 உயிர்கள் போயின. அவர்களுள் 123 பேர் பெண்கள். அடையாளம் தெரியாது புதைக்கப்பட்ட அறுவரின் பெயர்கள் நூறு ஆண்டுகள் கழித்து 2011இல்தான் உறுதியாயின.

சட்டம் அன்று இல்லாமல் இருந்ததா? இருந்தது. வேலை நேரத்தில் தொழிற்சாலைக் கதவுகளைப் பூட்டலாகாது என்று நியூயார்க்குத் தொழிலாளர் சட்டம் அப்பொழுதே கூறியது. மேற்பார்வை செய்யும் உத்தியோகத்திலிருக்கும் நமக்கு இந்த ஒரு செய்தி போதும், இரவு உறக்கம் கெட. முதலாளிகள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. அந்நேரத்தில் கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டுமென நீதிபதி சொல்ல, 1911 டிசம்பரில் அவர்கள் விடுதலையாயினர். 1914ஆம் ஆண்டு உரிமை வழக்குகளில் உயிருக்கு 75 டாலர் வீதம் கொடுத்து அவர்கள் முடித்துக்கொண்டனர்.

எனினும் நிகழ்ச்சி அங்கே முடியவில்லை. அதே ஆண்டு அமைக்கப்பட்ட விசாரணைக் குழு நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகளை நேரில் சென்று பார்த்தது. கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும், துண்டுத் துணிகளை அன்றன்று அகற்ற வேண்டும், தீயணைப்புப் பயிற்சி நடத்த வேண்டும் என்றெல்லாம் விதிகள் பிறந்தன. அன்று தெருவில் நின்று பெண்கள் மாடியிலிருந்து குதித்து மாண்டதைக் கண்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் பெர்கின்ஸ் அம்மையார், 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் இலாகாச் செயலாளரானார். அந்நாட்டு மந்திரிசபையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.

போர்லாக்கின் பிறப்பு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரிதான். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்துப் பண்ணை ஒன்றில் பிறந்த அவர், 1944 முதல் மெக்சிகோவில் பணி செய்தார். உயரமாக வளரும் பழைய கோதுமைக்கு உரம் கூடுதலாக இட்டால் கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். ஜப்பானியக் குட்டை இனத்தோடு கலந்து, தண்டு குறுகிய, சாயாத கோதுமையை அவர் உருவாக்கினார். சோனோராவின் சமவெளியிலும் தோலூக்காவின் மேட்டு நிலத்திலுமாக ஓராண்டில் இரு போகம் பயிரிட்டு ஆராய்ச்சிக் காலத்தைப் பாதியாக்கினார். 1966ஆம் ஆண்டு இந்தியா 18,000 டன் மெக்சிகோ விதையை வரவழைத்தது. 1964-65இல் சுமார் 123 இலட்சம் டன்னாக இருந்த நம் கோதுமை விளைச்சல் 1970-71இல் 238 இலட்சம் டன்னாயிற்று. நம் பக்கத்து நெல்வயல்களுக்கு வந்த ஐ.ஆர்.8 நெல்லும் அதே தத்துவத்தில், பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், 1966இல் வெளியிடப்பட்டதாகும். அந்த விதையோடு உரத் தேவையும் நீர்த் தேவையும் கடன் தேவையும் சேர்ந்தே வந்தன. பயிர்க்கடனுக்குச் சங்கத்தின் வாயிலில் நிற்கும் விவசாயி அதனை நன்கு அறிவார்.

கடன் என்றவுடன் 1904ஆம் ஆண்டுக்குச் செல்வோம்.

1875ஆம் ஆண்டு புனே, அகமதுநகர் ஜில்லாக்களில் குடியானவர்கள் லேவாதேவிக்காரர் வீடுகளுக்குள் புகுந்து கடன் பத்திரங்களைக் கைப்பற்றி எரித்தனர். கடன் சுமை எந்த அளவுக்குச் சென்றுவிட்டது என்பதை அரசாங்கம் அதனால் உணர்ந்தது. சென்னை அரசாங்கம் 1892இல் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பாவிலுள்ள விவசாய பாங்குகளை ஆராய்ந்து வருமாறு பணித்தது. 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக அவர் தந்த அறிக்கையின் சாரம், ஜெர்மனியில் ரெய்பைசன் கண்ட முறையைப் பின்பற்றுங்கள் என்பதே. ஒருவரையொருவர் அறிந்த ஒரே கிராமத்தார் கூடுவது, வரையறையற்ற பொறுப்பை ஏற்பது, விளைவு தரும் காரியத்திற்கே கடன் கொடுப்பது, இலாபத்தைப் பங்கிடாமல் சேமநிதியாக்குவது ஆகியவை அம்முறையின் உறுப்புகள்.

வரையறையற்ற பொறுப்பு என்பதைச் சற்று விளக்குவோம். பத்துப் பேர் கொண்ட சங்கம் வெளியில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி அங்கத்தினர்களுக்குக் கொடுக்கிறது. ஒன்பது பேர் கட்டத் தவறினால் பத்தாமவருடைய நிலமும் வீடும்கூட அந்த ஆயிரத்துக்கும் ஈடாகும். கேட்பதற்கு அச்சமூட்டும் ஏற்பாடுதான்! ஆனால் சொத்து சிறிதே உடைய பத்து ஏழைகளுக்கு வெளியார் கடன் கொடுக்க வேறு எந்த உறுதியும் அன்று இல்லை. அடுத்த வீட்டுக்காரன் வாங்கிய பணத்தை விதைக்குச் செலவிடுகிறானா, விருந்துக்குச் செலவிடுகிறானா என்பதைப் பத்துப் பேரும் கண்காணிப்பர் என்பதே அதன் உட்கருத்து.

1904ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பதினெட்டு வயது நிரம்பிய பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதிவாகலாம். ஐந்தில் நான்கு பங்கினர் விவசாயிகளாயின் அது கிராமச் சங்கம். அதற்குப் பொறுப்பு வரையறையற்றது. ஏனையவை நகரச் சங்கங்கள். பதிவாளர் ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்விப்பார். ஆனால் அச்சட்டம் நாணயச் சங்கங்களை மட்டுமே அறிந்தது. நூல் வாங்கவோ, துணி விற்கவோ, விளைபொருளைச் சேர்த்து விற்கவோ சங்கம் அமைக்க அதில் வழியில்லை. அக்குறை 1912ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நீங்கியது. நெசவாளர் உற்பத்திச் சங்கங்களுக்கும் விற்பனைச் சங்கங்களுக்கும் மத்திய பாங்குகளுக்கும் சட்டம் இடம் தந்தது அதன்பின்னரே.

சட்டம் பிறந்த இரண்டு வாரங்களில், 1904 ஏப்ரல் 9ஆம் நாள், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. புதிய சட்டத்தில் பண்டகசாலைக்கு இடமில்லாதபொழுதே, இங்கிலாந்து ராச்டேல் நெசவாளர் முதலியோர் 1844இல் நடத்திக்காட்டியதைப் பின்பற்றி நண்பர்கள் சிலர் துணிந்து தொடங்கினர். அதே ஆண்டில் திருவள்ளூருக்கருகே திரூரில் விவசாயக் கடன் சங்கமும், அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகர நாணயச் சங்கமும் பதிவாயின. காஞ்சிபுரத்துச் சங்கம் இந்தியாவிலேயே அவ்வகையில் பதிவான முதற் சங்கமாகும்.

இவ்வளவு நல்ல தொடக்கத்திற்குப் பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1951-52ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்கு நடத்திய கிராமக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தந்த பங்கு நூற்றுக்கு மூன்றே சொச்சம் என்று தெரிந்தது. ஏறத்தாழ எழுபது பங்கு இன்னும் லேவாதேவிக்காரர்களுடையதே. சட்டம் வந்து நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன! சங்கங்கள் பதிவேட்டில் இருந்தன. பல ஊர்களில் பதிவேட்டில் மட்டுமே இருந்தன. கூடாத கூட்டத்திற்குத் தீர்மானப் புத்தகத்தில் தேதி இடுவது எவ்வளவு எளிது என்பது தணிக்கைக்குச் செல்லும் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாததன்று. அதன் பின்னரே அரசாங்கப் பங்கு மூலதனமும் மத்திய பாங்குகளின் விரிவும் வந்து, கூட்டுறவுக் கடன் பெருகலாயிற்று.

சென்னை இராஜதானி 1932இல் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதன் இடத்தை 1961ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தைத் தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் பெற்றன. ஆகவே மார்ச்சு 25இல் பிறந்த சட்டம் இப்பொழுது நடைமுறையில் இல்லை. தம் சங்கத்தின் நாள் எது என்று அறிய விரும்பும் அங்கத்தினர்கள் சங்க அலுவலகத்திலுள்ள பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் பதிவு எண்ணும் நாளும் இருக்கும். பதிவு விண்ணப்பத்தின் நகலும் பாதுகாக்கப்பட்டிருந்தால், அன்று முதலில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களையும், கையெழுத்திடத் தெரியாதவர்கள் வைத்த கைந்நாட்டுகளையும் காணலாம்.